படிக்குது, தொடாதேங்கோ

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஹட்டனில் என் கராஜைத் திறந்து வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. நோட்டன் பிரிட்ஜ் மின்நிலையக் குவார்ட்டர்ஸின் காவல்காரர் பியதாச பேசினார். "அபே மஹத்தயா நெதி உணா, பாஸ்" என்றார். நம்ம ஐயா போய்விட்டார் என்கிறார். காலையில் குளிக்கத் தண்ணீர் சுட வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லையாம். தண்ணீர் வற்றி, கேத்தல் கருகிய வாடைக்குத்தான் பியதாச போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். தொலைபேசியை வைத்தேன். பிறகு வாசலை மறுபடி முதலிலிருந்து கூட்டினேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

குகதாசன் அண்ணனை உங்களில் பலருக்கு மின்நிலையத்து உத்தியோகத்தராகத் தெரியும். யாழ்ப்பாணத்தில் இருக்கும் உறவுகளுக்கு அவர் தூரத்து மலையில் வேலை பார்த்த ஒரு மாமா, ஒரு சித்தப்பா. எனக்கு அவர் சனிக்கிழமை. தொண்ணூற்றாறிலிருந்து பதின்மூன்று வருடம், சனிக்கிழமையென்றால் காலை பஸ்ஸில் வந்து இறங்கி, என் கராஜில் கார்களுக்கு வயர் வேலை பார்ப்பார். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அவர் மகள் வாசுகி கேட்டாள். மகளே, ஒரு பக்கத்தில் முடியவில்லை. உன் அப்பா நல்லவர் என்று எழுதுவது லேசு, அதை எல்லோரும் எழுதுவார்கள். நான் எழுத வேண்டியது வேறு. படித்துப் பார்த்துவிட்டு, அச்சில் போடுவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்.

நாங்கள் முதலில் சந்தித்ததே சண்டையில்தான். நோட்டன் பஸ் ஒன்று என் கராஜ் வாசலில் நின்றுவிட்டது. டைனமோ போச்சு, நாளைக்குத்தான் ஆகும் என்று கொண்டக்டரிடம் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கத் திரும்பினேன். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, "டைனமோ இல்லைத் தம்பி, வயர்" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "யாழ்ப்பாணத்து ஐயாமாரு எங்களுக்கு இஸ்கூல்ல படிச்சுக் குடுத்தது பத்தாதுன்னு இப்ப கராஜுக்கும் வந்துட்டீங்களா?" என்று கேட்டேன். அந்த ஆள் கோபப்படவில்லை. "படிப்பிக்க வரேல்லத் தம்பி. பஸ் ஓடாட்டி நான் எப்பிடி வீட்ட போறது?" என்றார். என் சட்டைப் பையிலிருந்த தீப்பெட்டியைத் தானே எடுத்தார். அதன் உரசும் பக்கத்தால் வயர் நுனியில் இருந்த பச்சைப் பூசணத்தைத் தேய்த்தார். பஸ் ஒரே திருப்பில் உறுமியது. அடுத்த சனிக்கிழமை, தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்ததாகச் சொன்னார். அப்படித்தான் ஆரம்பித்தது.

இன்னொரு சனிக்கிழமையையும் சொல்லியாக வேண்டும். அடையாள அட்டையில் வடக்கு முகவரி இருந்தாலே பதில் சொல்லி மாளாத காலம் அது. கராஜில் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை இரண்டு பொலிஸ்காரர்கள் கூட்டிப் போனார்கள். கிரீஸ் கையோடு பின்னாலேயே ஓடினேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் கொட்டி, இந்த மனிதர் என் ஆள், இவருக்கு நான் பொறுப்பு, இவரை விடாமல் நான் இந்த வாங்கை விட்டு எழும்ப மாட்டேன் என்று கத்தினேன். பின்னேரம் விட்டார்கள். வெளியே வந்து ஒரு சந்தி தூரம் நடந்ததும், "தங்கராசு, நீர் வாய் திறந்தபடியால்தான் நான் இண்டைக்கு வெளியில நிக்கிறன்" என்றார். அந்த வார்த்தையை நான் பெருமையாக எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்ல வாய் கூசுகிறது.

இனி பத்மாவதி டீச்சரின் காருக்கு வருகிறேன்.

டீச்சர் பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையின் அதிபர். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப் போனது. இருபது வருடமாகப் பஸ்ஸிலும் தேயிலைக் கொழுந்து லொறியிலும் தொற்றிக்கொண்டு பாடசாலைக்குப் போய்வந்தவர். பொகவந்தலாவைக் கடைவீதியில் பலசரக்குக் கடையும் அதன் பின்னால் வீடும் வைத்திருக்கும் அவருடைய அண்ணன் நாகலிங்கம் முதலாளி, தங்கைக்கென்று ஒரு ஜப்பான் கார் எடுத்தார். கியர்பெட்டி சாதாரணக் காரில் இருப்பதுதான், கிளச் தட்டும் அதேதான். ஆனால் மிதிக்கிறதுக்குக் கிளச் பெடல் இல்லை. இடது காலின் வேலையை ஒரு சின்ன மோட்டார் செய்கிறது, அதற்கு ஒரு கம்ப்யூட்டர் கட்டளை போடுகிறது. பாடசாலை வாசலில் டீச்சர் தானே ஓட்டி வந்து இறங்கிய அன்று பிள்ளைகள் கைதட்டினார்களாம். "எனக்குக் கல்யாணம் நடந்திருந்தாக்கூட இவ்வளவு கூட்டம் வந்திருக்காது பாஸ்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

ஒரு வருடத்தில் கிளச் எரிந்துவிட்டது. மேட்டில் வண்டியை நிறுத்தினால் நம் ஊர் டிரைவர்கள் கைப்பிரேக்கைத் தொடுவதில்லை. அரைக் கிளச்சில் அக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை அந்தரத்தில் பிடித்து வைப்பார்கள். அதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. தன் அண்ணனிடம் ஓட்டப் பழகிய டீச்சரும் அப்படியே செய்திருக்கிறார். குகதாசன் அண்ணன் எரிந்த தட்டை மோந்து பார்த்துவிட்டு, "டீச்சர், மேட்டில நிக்கேக்க காலால பிடிச்சு வைக்காதேங்கோ. காலை எடுத்துப்போட்டுக் கைப்பிரேக்கை இழுங்கோ. தேத்தண்ணி ஆறினாச் சூடாக்கலாம், கிளச் எரிஞ்சா மாத்தத்தான் வேணும்" என்றார்.

"எனக்கு இருக்கிறதே ஒரு காலு. அதையும் எடுக்கச் சொல்றீங்களே, இது நியாயமா?" என்றார் டீச்சர். அண்ணன் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது.

கியர்பெட்டியை இறக்கிப் புதுத் தட்டைப் போட்டது நான். இரண்டு நாள் வேலை. அதற்கு மேல் எனக்குத் தெரியாது, அவருக்குத்தான் தெரியும். புதுத் தட்டு எந்த இடத்தில் பிடிக்கும், எந்த இடத்தில் விடும் என்று அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதற்குப் படிப்பிக்க வேண்டும். கொழும்பிலிருந்து யாரோ பிரதியெடுத்து அனுப்பிய தாள்களை வைத்து, அவரே ஒரு கொப்பியில் முறையை எழுதி வைத்திருந்தார். எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். கார் சமமான தரையில் நிற்க வேண்டும். "உங்கட மலையில சமமா ஒரு இடம் காட்டும் பாப்பம்!" என்று என்னைச் சீண்டியபடியே, பொனட்டில் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்து, நாலு இடம் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். பிறகு டாஷ்போர்டுக்குக் கீழே இரண்டு முனைகளை ஒரு துண்டு வயரால் இணைப்பார். விளக்கு மின்னும், மோட்டார் உள்ளே முனகும், கிளச் தானாக ஒட்டி ஒட்டி விடும். அது முடிந்ததும் சாவியை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் அப்படியே விட வேண்டும். படித்ததை அது மனதில் பதித்துக்கொள்ளும் நேரம் அதுதான். இடையில் சாவியைத் திருப்பினால் எல்லாம் பாழ். அதற்காகவே ஒரு மட்டையில் "படிக்குது, தொடாதேங்கோ" என்று எழுதிக் கண்ணாடியில் செருகி வைப்பார். பிறகு, கோயில் மேட்டில் மூன்று தரம் நிறுத்தி எடுத்துப் பார்க்காமல் காரை வெளியே விட மாட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. இதற்காகவே அவர் லீவு போட்டு வந்திருந்தார். பத்து இருபதுக்குப் படிப்பு முடிந்தது. சாவியை அணைத்து, மட்டையைச் செருகி, "பத்து நிமிசம். கை கழுவிக்கொண்டு வாறன்" என்று பின்பக்கம் தண்ணீர்ப் பீலிக்குப் போனார். நாகலிங்கம் முதலாளி எலுமிச்சம்பழம், சூடம், விபூதியோடு வந்து நின்றார். புதுப் பாகம் போட்ட வண்டியை நாலு பழத்தின்மேல் ஏற்றாமல் நம்மவர்கள் எடுக்க மாட்டார்கள்.

"பாஸ், பத்தரைக்கு ராகு காலம். வண்டி அதுக்குள்ள பழத்து மேல ஏறி ரோட்டுல எறங்கிறணும். இல்லாட்டி பன்னெண்டு மணி வரைக்கும் நான் இங்க காவ காக்கணும். கடையில ஆளில்ல."

"பத்து நிமிஷம் ஆகட்டும் மொதலாளி. ஐயா சொல்லியிருக்காரு."

"கராஜு ஒங்களுதா, அவருதா?"

அந்த ஒரு கேள்விதான். கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிடம் ஆகியிருந்தது. மட்டையை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். கார் பூப்போல நகர்ந்தது, நாலு பழமும் நசுங்கின. முதலாளி விபூதி பூசிவிட்டார். ஒரு குறையும் தெரியவில்லை.

அண்ணன் ஈரக் கையோடு ஓடி வந்தார். "திறப்பைத் திருப்பினீரோ? பத்து நிமிசம் முடிஞ்சதோ?" வாடிக்கையாளர் முன்னால், என் கராஜில் நின்று, அவர் என்னைக் கேட்கிறார். "முடிஞ்சிருச்சுண்ணே. அப்புறந்தான் திருப்புனேன்" என்றேன். மேட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். நல்ல நேரத்தில் புறப்பட்ட வண்டியைத் திருப்பக் கூடாது என்று முதலாளி ஒற்றைக்காலில் நின்றார். நானும் அவரோடு சேர்ந்து, "வீட்டுக்குப் போற வழியெல்லாம் மேடுதானேண்ணே" என்றேன். முதலாளி காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அண்ணன் கீழே கிடந்த மட்டையை எடுத்துத் தூசி தட்டினார்.

திங்கட்கிழமை காலை, பெரட்டில் வேலைக்குப் பெயர் பதிந்து பெண்கள் மலைக்கு ஏறும் நேரம். பாடசாலைக்கு ஏறும் தோட்டப் பாதையில் எதிரே கொழுந்து லொறி வர, டீச்சர் நிறுத்தியிருக்கிறார். கிளச் மாற்றிய பிறகு மேட்டில் நிறுத்தி எடுப்பது அதுவே முதல் தரம். சொன்னபடியே கைப்பிரேக் போட்டிருக்கிறார். லொறி போன பிறகு பிரேக்கை விட்டு மிதித்தால், எஞ்சின் கத்துகிறது, கார் பிடிக்கவில்லை. கம்ப்யூட்டர் குழம்பி வண்டியை நியூட்ரலில் தள்ளிவிட்டது. இன்னும் மிதித்திருக்கிறார். கார் பின்னால் உருண்டது. ஒற்றைக் காலைப் பிரேக்குக்கு மாற்றுவதற்குள் பின்சக்கரம் ஓரத்து வடிகானுக்குள் இறங்கி, வண்டி ஒருபக்கமாகத் தேயிலைச் செடிகளின் மேல் சாய்ந்தது. கொழுந்து எடுக்கப் போன பெண்கள்தான் டீச்சரை வெளியே இழுத்திருக்கிறார்கள். வலது கணுக்காலில் இரண்டு முறிவு. நல்ல கால்.

அந்தச் சனிக்கிழமை முதலாளி நாலு பேரோடு கராஜுக்கு வந்தார். என்னைப் பார்க்கவேயில்லை. நேரே அண்ணனிடம் போனார். "கம்ப்யூட்டர் வேலை, கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லி என் தங்கச்சிய நொண்டியாக்கிட்டியே! பொலிசுக்குப் போறேன். யாழ்ப்பாணத்தான் இங்க வந்து என்னா பண்றான்னு அவங்க விசாரிக்கட்டும்." சமாதானம் முறிந்து மறுபடியும் சண்டை மூண்டிருந்த நாட்கள் அவை. அந்த முறைப்பாடு காரோடு நிற்காது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் கைகளைத் துணியில் துடைத்தார். "பிழை என்ர. மேட்டில ஓட்டிப் பார்க்காமல் விட்டது நான்தான். நீங்கள் செய்யிறதைச் செய்யுங்கோ" என்றார்.

நான் ஒரு ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பொலிஸ் நிலையத்தில் தொண்டை கிழியக் கத்தியவன்தான் நான். என் சொந்தக் கராஜில், என் சொந்தப் பிழைக்கு, ஒரு வார்த்தை வரவில்லை. ஊர் முழுக்கப் பேசுவார்கள், வண்டிகள் வேறு கராஜுக்குப் போய்விடும் என்று பயம். இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது, அது பயம்கூட இல்லை, கேவலம்.

அவர்கள் போன பிறகு அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டார். சத்தமே இல்லாமல்தான் கேட்டார். "தங்கராசு, உண்மையா பத்து நிமிசம் முடிஞ்சதோ?"

"முடிஞ்சதுண்ணே."

"சரி" என்றார். பிறகு தேத்தண்ணி சொன்னோம், குடித்தோம்.

முறைப்பாடு போகவில்லை. ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது. காரை முதலாளி விற்றுவிட்டார். கால் கூடிய பிறகும் டீச்சர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மேட்டுப் பாடசாலையை விட்டு, வீட்டுக்குக் கிட்ட ஒரு பாடசாலைக்கு மாறிக்கொண்டார். குகதாசன் அண்ணன் மூன்று வருடம் அதற்குப் பிறகும் சனிக்கிழமை தவறாமல் வந்தார். ஆனால் கம்ப்யூட்டர் இருக்கும் வண்டி எதையும் தொடவில்லை. "ஹோர்ன், லைட் இருந்தாக் கொண்டாரும்" என்பார். மற்ற நேரம் வாங்கில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். சில நேரம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். "என்னண்ணே?" என்பேன். "ஒண்டுமில்லை. நீர் வேலையைப் பாரும்" என்பார். யாழ்ப்பாணப் பாதை திறந்துவிட்டது, பென்ஷன் வந்ததும் ஊருக்குப் போய் மகளோடு இருக்கப் போகிறேன் என்று கடைசிச் சனிக்கிழமை சொன்னார். அன்றும் அப்படித்தான் பார்த்தார்.

பியதாச சொன்ன மறுநாள் புதன்கிழமை, பின்னேரம் இரண்டு மணிக்கு உடலை யாழ்ப்பாணம் எடுப்பதாக இருந்தது. நான் காலையிலேயே முதலில் பொகவந்தலாவைக்குப் போனேன். அண்ணன் முகத்தைப் பார்ப்பதற்கு முன் டீச்சரிடம் சொல்லிவிட வேண்டும் என்று என்னவோ ஒரு வைராக்கியம். செய்தியைச் சொன்னேன். டீச்சர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மற்றதைச் சொன்னேன். சாவி, ஆறு நிமிடம், இரண்டு பொய்.

"தெரியும் பாஸ்" என்றார் டீச்சர்.

என்ன தெரியும் என்று கேட்டேன்.

"விழுந்த காரை நம்ம கடைக்குப் பின்னாலதான் இழுத்துட்டு வந்து போட்டிருந்தாங்க. வியாழக்கிழமை குகதாசன் ஐயா வந்தாரு. நான் மாவுக்கட்டோட ஜன்னல்கிட்ட ஒக்காந்திருக்கேன். ஒரு துண்டு வயரைச் சொருகி, வெளக்கு மின்னுறதை எண்ணினாரு. ரெண்டாந்தரமும் எண்ணினாரு. என்னான்னு கேட்டேன். 'அது படிச்சு முடியேல்ல டீச்சர், இடையில ஆரோ திருப்பியிருக்கினம்'னாரு. யாருன்னு எனக்குத் தெரியாதா? எங்க அண்ணன் பழம் வச்ச கதையைத்தான் வீட்டுல எல்லாருக்கும் சொன்னாரே. 'தங்கராசு பாஸா?'ன்னேன். 'அந்தாள் தானாச் சொல்லும், பொறுங்கோ'ன்னாரு. எங்க அண்ணன் பொலிசுக்குப் போறேன்னு குதிச்சப்ப, ஐயா சொன்னதை அவருகிட்டச் சொல்லாமலே காலைப் பிடிச்சுக் கெஞ்சித்தான் நிறுத்துனேன்."

வியாழக்கிழமை. அவர் என்னைக் கேட்டது சனிக்கிழமை. எல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்த மனிதர் என்னைக் கேட்டிருக்கிறார்.

"அப்புறம் எப்ப வந்தாலும் கேப்பேன், சொல்லிட்டாரான்னு. 'இன்னும் இல்லை'ம்பாரு. நானே வந்து ஒங்கள நாலு வார்த்தை கேக்கட்டான்னேன். வேணாம்னுட்டாரு." டீச்சர் அழுதுகொண்டே என்னை அதட்டினார். "எங்கிட்ட என்னாத்துக்கு நின்னுக்கிட்டிருக்கீங்க? சொல்ல வேண்டிய ஆளு பெட்டியில கெடக்காரு. போங்க பாஸ், ஓடுங்க!"

ஓடினேன். பஸ் மாறி, பிறகு ஒரு ஓட்டோ பிடித்து, நோட்டன் பிரிட்ஜ் குவார்ட்டர்ஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டே கால். முற்றத்தில் பியதாச மட்டும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் தொடங்குகிறது, அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று வந்திருந்த பெரியவர்கள் சொன்னார்களாம். பதினொன்றரைக்கே வேன் போய்விட்டது. தரையில் நசுங்கிய எலுமிச்சம்பழம் நாலு கிடந்தது.

யாரைக் குறை சொல்ல? அதே நேரத்தைச் சாக்காக வைத்துத்தானே நானும் சாவியைத் திருப்பினேன்.

அவருடைய பொருள் என்று என்னிடம் இருப்பது அவர் முறை எழுதிய கொப்பியும் அந்த மட்டையும்தான். மட்டையில் எழுத்து மங்கிவிட்டது, ஓரத்தில் என் விரல் கிரீஸ் பட்ட கறை இருக்கிறது. போன வாரம் அப்படியொரு கார் வந்தது. அவருடைய கொப்பியைப் பார்த்து நானே செய்தேன். தண்ணீர்க் கிளாஸை வைத்து இடம் தேடினேன். சாவியை அணைத்து, மட்டையைச் செருகிவிட்டு, அவர் உட்காரும் வாங்கில் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். பத்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த மனிதர் மூன்று வருடம் அதே வாங்கில் காத்திருந்தார்.

வாசுகி, இதை நீ அச்சில் போடாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் உன் அப்பாவின் படத்துக்கு முன்னால் ஒரு தரம் வாய்விட்டுப் படித்துவிடு. நான் வந்து சொல்லப் பிந்திவிட்டேன்.

அண்ணே, பத்து நிமிஷம் முடியலண்ணே. ஆறுதான் ஆச்சு.